வாரத்துக்கு ஒரு மறதி

பேரத்தில் ஜெயிப்பது பெரிய காரியமில்லை. விற்கிறவன் அழுதுகொண்டே குறைத்தால் நாம் ஜெயித்தோம் என்று பொருள். சிரித்துக்கொண்டே குறைத்தால், வீட்டுக்குப் போய்ச் சரக்கை ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுவது நல்லது. சிவலப்பேட்டை பஜாரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். மண்டி வீட்டில் பிறந்து கணக்கு டீச்சராகவும் ஆகிவிட்ட கனகமணிக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி என்று கேட்டால், பதில் ஒன்றுதான்: அன்றைக்கு அவள் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தாள்.

பஜார் வியாபாரிகள் பங்குபோட்டு நடத்தும் வணிகர் மகமைப் பள்ளியின் கமிட்டி அறையில் பேரம் நடந்தது. ஒரு பக்கம் செயலாளர் ரத்தினசாமி அண்ணாச்சி, மிளகாய் வத்தல் மண்டிக்காரர். தும்மாமல் பத்து நிமிஷம் பேசினால் அவருக்கே உடம்பு சரியில்லையோ என்று தோன்றும். அவர் பக்கத்தில் பொருளாளர். வாய் சாமர்த்தியம் வேண்டுமென்று அழைத்து உட்கார வைக்கப்பட்ட கனகமணி. எதிரே, சென்னையிலிருந்து 'ஒத்திகை' என்ற மென்பொருளை விற்க வந்த ஆல்வின்.

"இப்ப நீங்க ஒரு பாடம் நடத்துறீங்க மேடம்," என்றான் ஆல்வின். "யாருக்குப் புரிஞ்சுது, யாருக்குப் புரியலன்னு நடத்தி முடிச்ச பிறகுதான் தெரியும். எங்க ஒத்திகை என்ன பண்ணும்னா, பிள்ளையோட மாதிரி ஒண்ணை உள்ளுக்குள்ள செஞ்சு வெச்சுக்கும். மூணு வருஷமா டேப்லட்ல எழுதினது, பேசினது, அடிச்சுத் திருத்தினது எல்லாத்தையும் சேர்த்தா, அசல் அதே பிள்ளை. நாளைக்கு நடத்த வேண்டிய பாடத்தை இன்னைக்கே அந்த மாதிரிக்கு நானூறு விதமா நடத்திப் பாக்கும். எந்த விதத்துல புரியுதோ, அதை ஒரு சீட்டுல எழுதி உங்ககிட்ட தரும். நீங்க அப்படியே நடத்த வேண்டியதுதான். தப்பெல்லாம் அங்கேயே முடிஞ்சிரும்."

"யார் குரல்ல நடத்தும்?"

"உங்க குரல்லதான் மேடம். உங்க வகுப்பு ரெக்கார்டிங் எட்டு வருஷத்துக்கு இருக்குல்ல?"

அண்ணாச்சி தும்மிவிட்டுக் கேட்டார். "முப்பத்திநாலு பிள்ளைக்கு முப்பத்திநாலு மாதிரியா? எந்த ஊர் வியாபாரம் தம்பி இது? ஒரு மூட்டையில குத்தூசியப் போட்டு நாலு பருப்பை இழுத்தா லாட்டுச் சரக்கு முழுக்கத் தெரிஞ்சுபோகுமே!"

ஆல்வின் கொஞ்சம் முரண்டுபிடித்தான், பிறகு இறங்கினான். ஒரு மாதிரி போதும், ஆனால் சராசரிக்குச் சற்றுக் கீழே உள்ள பிள்ளையாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் புரிந்தால் மிச்சம் எல்லாருக்கும் புரியும்.

கனகமணி விலைப்பட்டியலில் விரலை வைத்தாள். "இது என்ன, 'மறதி நானூறு'?"

"ஒவ்வொரு விதமா நடத்தி முடிச்சதும் மாதிரியோட ஞாபகத்தை அழிச்சுட்டு, புதுசா எழுப்பணும் மேடம். அதுதான் மறதி. செலவு எல்லாம் அதுலதான் போகுது."

"மறதிக்கு விலையா? எங்க வீட்டுக்காரருக்கு அது இலவசமால்ல வருது!"

கமிட்டி குலுங்கிச் சிரித்தது. அண்ணாச்சி தோள்துண்டை எடுத்துத் தன் கையின்மேலும் பொருளாளரின் கையின்மேலும் போட்டார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது சந்தைப் பழக்கம். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. ஆல்வின் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் தலை குனிந்துகொண்டான். அண்ணாச்சியின் முழங்கை அசைந்த விதத்திலேயே கனகமணி படித்துவிட்டாள்: ஒற்றை விரல்.

"வாரத்துக்கு ஒரு மறதி," என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருதரம் அழிச்சாப் போதும். படிக்கிற பிள்ளை பாடத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டா நல்லதுதானே?"

ஆல்வின் யோசிக்கவேயில்லை. "எழுதிக் குடுத்துருங்க மேடம்," என்று சிரித்தான்.

அடுத்து எழுந்தது, யாருடைய பிள்ளையை மாதிரி எடுப்பது என்ற கேள்வி. கமிட்டிக்காரர்களின் பேரன் பேத்திகள் பதினோரு பேர் கனகமணியின் ஏழாம் வகுப்பில் இருந்தார்கள். சராசரிக்குக் கீழே என்றதும் எல்லாரும் திடீரென்று மேதைகளாகிவிட்டார்கள். ஒருவருடைய பேத்திக்கு நட்சத்திரம் சரியில்லை. ஒருவருடைய பேரனை நிழற்படம் எடுத்தாலே காய்ச்சல் வருமாம். கடைசியில், யாருக்கும் மனம் நோகாத ஒரு பெயர் மேஜைக்கு வந்தது. வள்ளிமயில். மூன்றாவது பெஞ்சு. முப்பத்திநாலு பேரில் இருபத்தொன்றாவது. அப்பா செல்லத்துரை, அண்ணாச்சியின் மண்டியிலேயே மூட்டை தூக்குகிறவர்.

சம்மதப் பத்திரத்தில் செல்லத்துரை நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "எம் புள்ளயப் பாத்துத்தான் ஊருப் புள்ளைக எல்லாம் படிக்கப் போகுதாக்கும்?"

"அப்படித்தான் வெச்சுக்கிடுங்களேன்," என்றாள் கனகமணி.

"அவளுக்கு நோகாதுல்ல டீச்சரம்மா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

அது பொய்யில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆறு மாதத்தில் பள்ளியின் பெயர் மூன்று மாவட்டத்துக்குப் பரவியது. காலையில் சீட்டு வரும். 'முதலில் தராசைக் காட்டு. இங்கே நான்கு நொடி நிறுத்து. இந்தச் சொல்லைச் சொல்லாதே.' கனகமணி அப்படியே செய்வாள். பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி முப்பத்திநாலு தலைகளும் ஒரே நேரத்தில் ஆடும். தப்பான விடை என்ற ஒன்றையே ஏழாம் வகுப்பு மறந்துபோனது. ரப்பரை மறந்து வந்தோம் என்று யாரும் அழுவதில்லை. ரப்பருக்கு வேலை இல்லை. வள்ளிமயில் மூன்றாவது பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வந்து, கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை வலிக்கிறது என்று புகார் சொன்னாள்.

பாடம் வகுப்புக்கு வருமுன் ஆசிரியர் ஒத்திகையைப் பார்த்து அனுமதி தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எல்லாரையும்போல கனகமணியும் பார்க்காமலே அனுமதி அழுத்திவந்தாள். ஒரு வியாழக்கிழமை மதிய இடைவேளையில் கணினி அறையில் மின்விசிறி நன்றாகச் சுழன்றது. அந்தக் காற்றுக்காகத்தான் அங்கே டிபன் பாக்ஸைத் திறந்தாள். சாப்பிட்டுக்கொண்டே சும்மா பார்ப்போமே என்று ஒத்திகையை ஓடவிட்டாள்.

திரையில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் வள்ளிமயிலின் கோணல் கையெழுத்து. ஒலிபெருக்கியில் கனகமணியின் குரல்.

"முக்கால் கிலோ பருப்பு. அரைக்கால் கிலோ பொட்டலமாப் போட்டா எத்தனை பொட்டலம்?"

"வகுத்தாக் குறையணும்ல டீச்சர்?" இது வள்ளிமயிலின் குரல். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூட அப்படியே இருந்தது. "எப்படிக் கூடும்?"

"கவனி வள்ளிமயில். மறுபடி சொல்றேன்."

"டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?"

"கவனி வள்ளிமயில்."

"இது ஆயிரத்து இருநூத்தி நாப்பதாவது பீரியடு டீச்சர். மத்த பிள்ளைங்க எல்லாம் எங்க? நான் மட்டும்தான் இருக்கேன்."

கனகமணியின் கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது. பலகை அழிந்தது. அடுத்த விதம் தொடங்கியது. அதே பருப்பு, அதே பொட்டலம், இம்முறை குரல் கடுமையாக இருந்தது.

"இதுகூடத் தெரியலையா? உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு? போ, உங்க அப்பாகூடப் போய் மூட்டை தூக்கு."

மறுமுனையில் மூக்குறிஞ்சல் நின்றுவிட்டது. எழுத்தும் வரவில்லை.

"டீச்சர்!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

கனகமணி எழுந்த வேகத்தில் டிபன் பாக்ஸ் தரையில் உருண்டது. வாசலில் அசல் வள்ளிமயில், எண்ணெய் மின்னும் சடையோடு. "டஸ்டர் எடுக்க வந்தேன் டீச்சர். ஏன் பயந்துட்டீங்க?"

அவள் டஸ்டரை எடுத்துக்கொண்டு பாடிக்கொண்டே போனாள்.

அன்று மாலையே ஆல்வினுக்குப் போன் போட்டாள் கனகமணி. "நான் அப்படியெல்லாம் பேசினதே கிடையாது. அது என்ன பேச்சு, மூட்டை தூக்குன்னு?"

"பேசியிருக்கீங்க மேடம். அஞ்சு வருஷம் முன்னாடி, வேற ஒரு பையன்கிட்ட. ரெக்கார்டிங்ல இருக்கு. ஒத்திகை தானா எதையும் கற்பனை பண்ணாது. நானூறு விதத்துல திட்டுறதும் ஒரு விதம்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். "சரி. அது எண்ணிக்கிட்டு இருக்கே, பீரியடு பீரியடா."

"நீங்க நிதானமா ஓட்டிப் பாத்திருப்பீங்க; மத்தபடி நமக்கு ஒரு ஒத்திகை ஒரு விநாடிதான். அதுக்கு ஒவ்வொண்ணும் முழு நாப்பது நிமிஷம். மறதி இருந்தா ஒவ்வொண்ணும் முதல் பீரியடா இருக்கும். நீங்கதான் வாரத்துக்கு ஒண்ணுன்னு…"

கணக்கு டீச்சர் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். நாளைக்கு நானூறு, வாரத்துக்கு இரண்டாயிரம் பீரியடு. ஒரு முழுப் பள்ளி ஆண்டுக்கு மேல். வாரா வாரம். ஒரே பெஞ்சில், தனியாக.

"நீ ஏன்யா அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்ட?"

ஆல்வின் மறைக்கவில்லை, மறைக்கிற வயது இல்லை அவனுக்கு. "ஞாபகம் இருந்தா பலன் நல்லா வருது மேடம். எங்க புரியல, ஏன் புரியலன்னு அதுவே சொல்லுது. ஆனா மறதியைக் குறைக்கச் சொல்லி நாங்க கேக்கக் கூடாது, அது சட்டம். வாங்குறவங்க எழுதிக் கேட்டாக் குடுக்கலாம். நீங்க எழுதிக் கேட்டீங்க."

மறுநாள் அண்ணாச்சியிடம் போனாள். அவர் வத்தல் குவியலுக்கு நடுவே சிவப்பாக உட்கார்ந்திருந்தார்.

"தினம் ஒரு மறதியாவது வாங்கணும் அண்ணாச்சி. பேச்சை மாத்திப் பேசுவோம்."

"என்ன தாயி, மண்டி வீட்டுப் பிள்ளை பேசுற பேச்சா இது? முடிஞ்ச பேரத்தைப் பிரிச்சவன் கடையில காக்கா கூட உக்காராது. நம்ம வாய்ல வந்த வார்த்தை." துண்டை உதறிப் போட்டார். "அதும்போக, அது என்ன பிள்ளையா? சாம்பிளு. குத்தூசியில வந்த பருப்பு வலிக்குதுன்னு சொல்லுமா?"

"சொல்லுதே அண்ணாச்சி."

அவர் தும்மினார். தும்மி முடித்ததும் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது.

பத்திரத்தைத் திரும்பப் பெற இன்னொருவருக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. அவர் மண்டியின் பின்கட்டில், சாக்கைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கனகமணி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். செல்லத்துரை மூட்டையை இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"எம் மக நல்லாத்தான இருக்கா?"

"நல்லா இருக்கா. அந்த மாதிரிதான்…"

"கையெழுத்தைத் திருப்பிக் கேட்டா அண்ணாச்சி மூஞ்சில நான் எப்படி முழிக்க? நாளைக்கு எவன் எனக்கு மூட்டை தருவான்?" தலைச் சாக்கை இழுத்துச் சரிசெய்தார். "எண்ணுதுன்னு சொன்னீகள்ல. அதுதான் தப்பு. நான் ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை ஏத்தி இறக்குதேன். ஒருநாளும் எண்ணினது கிடையாது. எண்ணுறது கணக்கப்பிள்ளை சோலி. நாம எண்ணினோம், நாப்பதாவது மூட்டையிலயே முதுகு படுத்துரும். எண்ண வேண்டாம்னு அதுட்ட சொல்லுங்க டீச்சரம்மா. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கனகமணி பள்ளிக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமை மதியம். மறதிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஆசிரியர் நேரடியாகப் பேசும் பொத்தானை அழுத்தினாள். அப்படி ஒரு பொத்தான் இருப்பதையே அன்றுதான் கவனித்தாள்.

"வள்ளிமயிலு, நான் கனகமணி டீச்சர். நிஜ டீச்சர்."

"கனிவாப் பேசுற விதம்," என்றது அந்தக் குரல். அலுப்புக்கூட இல்லை அதில். "நேத்து அம்பத்தேழு தடவை இப்படிப் பேசுனீங்க. கடைசில பொட்டலம் எத்தனைன்னு கேப்பீங்க."

"கேக்க மாட்டேன்."

"அதையும் சொல்லியிருக்கீங்க டீச்சர்."

எட்டு வருஷத்தில் கனகமணி பேசிய எல்லாக் கனிவும் அதற்கு முன்பே செலவழிந்திருந்தது. மிச்சம் இருந்தது கையிலிருந்த ஒன்றுதான். "எண்ண வேண்டாம் வள்ளிமயிலு. உங்க அப்பா சொல்லச் சொன்னாரு."

பலகையில் ஒரு புள்ளி விழுந்தது, பேனா நழுவியதுபோல. "அப்பாவா? எங்க பாத்தீங்க டீச்சர்?"

"மண்டியில. இப்பத்தான்."

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"சட்டையை எங்க போட்டாரு? தலையில சாக்குதான்."

ஒரு சிரிப்பு வந்தது, மூக்கு வழியாக, வள்ளிமயில் வகுப்பில் சிரிப்பதுபோலவே. "மூட்டை தூக்கும்போது எண்ணவே மாட்டாரு டீச்சர். எங்க அம்மா திட்டும்." அப்புறம், யாரும் கேட்காமலே, பலகையில் பொட்டலங்களை வரையத் தொடங்கியது. ஒன்று, இரண்டு. "ஆறு. பொட்டலம் சின்னதாகச் சின்னதா எண்ணிக்கை கூடிக்கிட்டே போகும்ல? இவ்வளவுதானா டீச்சர்?"

"இவ்வளவுதான்," என்றாள் கனகமணி. மணி அடிக்கும்வரை இருவரும் பாடத்தைப் பற்றிப் பேசவேயில்லை. கொடுக்காப்புளி பற்றிப் பேசினார்கள். அன்று மாலை அது மறந்தது. கனகமணி வீட்டுக்குப் போய், முந்தின நாள் கொட்டிப்போன சோற்றுக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமைச் சீட்டில் முதல் வரி இப்படி இருந்தது: 'எண்ண வேண்டாம் என்று உங்கள் அப்பா சொன்னார், என்று தொடங்கவும். சிறந்த பலன்.'

அந்த வியாழக்கிழமை அவள் பொத்தானை அழுத்தி, "வள்ளிமயிலு," என்றாள்.

"உங்க அப்பா சொன்னாருன்னு சொல்லப்போறீங்க," என்றது அது. "எங்க பாத்தீங்கன்னு கேக்கணும். மண்டியிலன்னு சொல்லுவீங்க. சட்டை என்னன்னு கேக்கணும். சாக்குன்னு சொல்லுவீங்க. அப்புறம் நான் சிரிக்கணும். சிரிச்சா சீக்கிரம் முடியும் டீச்சர். சிரிக்கட்டுமா?"

சனிக்கிழமை ஆல்வின் நேரிலேயே வந்துவிட்டான், பூங்கொத்தோடு. கமிட்டி அறையில் அண்ணாச்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆசிரியர் நேரடியாகப் பேசியதில் இப்படி ஒரு பலன் இதுவரை வந்ததே இல்லையாம். இருநூற்று எழுபது பள்ளிகளில் இதை ஓட்டப்போகிறார்களாம். பெயர்கூட வைத்தாகிவிட்டது, 'கனகமணி முறை'. அவள் குரல், அவள் சொன்ன வார்த்தை. அதற்கு அவள் கையெழுத்து வேண்டும்.

"எனக்கு என்ன தருவ?" என்றாள் கனகமணி.

"நீங்களே கேளுங்க மேடம்."

"மறதி. ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒண்ணு. வள்ளிமயிலுக்கு இனிமே எல்லாமே முதல் பீரியடா இருக்கணும்."

"தரேன்."

"மத்த பள்ளிகளுக்கும்."

ஆல்வின் உதட்டைப் பிதுக்கினான். "அது அவங்க பேரம் மேடம். எல்லாரும் உங்கள மாதிரிதான், வாரத்துக்கு ஒண்ணுன்னு அடிச்சுப் பேசி வாங்கியிருக்காங்க. நான் போய் வேண்டாம்னு சொல்ல முடியாதே."

இருநூற்று எழுபது பிள்ளைகளை அவளுக்குத் தெரியாது. ஒருத்தியைத் தெரியும். தெரிந்த பிள்ளையின் பக்கம்தான் கை சாயும். எந்தத் தராசும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டாள். அண்ணாச்சி துண்டை எடுத்து அவளுக்கே பொன்னாடையாகப் போர்த்தினார். அதில் வத்தல் நெடி அடித்தது. கண்ணில் நீர் வந்ததற்கு அதுவே காரணமாகிப் போனது.

திங்கட்கிழமை ஒத்திகையில், "வணக்கம் டீச்சர்! இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்டது குரல், குளித்துவிட்டு வந்த பிள்ளைபோல. அடுத்த ஒத்திகையிலும் அதே வணக்கம். அதற்கடுத்ததிலும் அதேதான். பாரம் இறங்கியது என்று கனகமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் போன் வந்தது. பெண் குரல், நாற்பது வயது இருக்கலாம். "கனகமணி டீச்சருங்களா? உவர்த்துறைல இருந்து பேசுறேன், கடற்கரைப் பள்ளிக்கூடம். உங்க முறையைத்தான் ஓட்டுறோம். எங்க மாதிரிப் பொண்ணு பேரு சகாய ரெஜினா." ஒரு தயக்கம். "அவ அப்பா போன வருஷம் கடலுக்குப் போனவரு திரும்பல டீச்சர். அவகிட்ட உங்க குரல், எண்ண வேண்டாம்னு உங்க அப்பா சொன்னாருன்னு சொல்லிருச்சு. ரெண்டு நாளா ஒரே கேள்வி. எங்க பாத்தீங்க, எங்க பாத்தீங்கன்னு. எந்தக் கரையிலன்னு கேக்குறா. நான் என்ன பதில் சொல்ல?"

கனகமணி பேனாவை எடுத்து அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள். "படிக்கிறாளா?"

"பிரமாதமாப் படிக்கிறா டீச்சர். எல்லாத்தையும் சரியாப் போட்டுட்டா அப்பாவைக் காட்டுவீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

"வெள்ளிக்கிழமை மறந்துருவாளே."

"இன்னைக்குப் புதன்தானே டீச்சர்."

வெளியே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கபடி ஆடும் சத்தம் கேட்டது. "பாத்தேன்னு சொல்லுங்க," என்றாள் கனகமணி. "நல்லா இருக்காருன்னு சொல்லுங்க."

"சரி டீச்சர்," என்றது குரல். விசும்பலை அடக்குவது கேட்டது. வைத்துவிட்டார்கள்.

இரவெல்லாம் அவளுக்கு அந்த விசும்பல்தான். பாவம், தன்னைப்போல் ஒருத்தி. தனியாக அந்தக் கணினி அறையில் உட்கார்ந்து அழுகிறாள். காலையில் ஆல்வினிடம் அந்த டீச்சரின் நம்பரைக் கேட்டாள். அவளோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

"உவர்த்துறையிலயா?" ஆல்வின் எதையோ தட்டிப் பார்த்தான். "அங்க டீச்சரே கிடையாது மேடம். கணக்கு போஸ்ட் மூணு வருஷமாக் காலி. ஒத்திகைதான் நடத்துது, அதேதான் அனுமதியும் குடுத்துக்குது."

"அப்ப என்கிட்டப் பேசினது யாரு?"

"ஒத்திகைதான் பேசியிருக்கும். முறை உங்க பேர்ல இருக்குல்ல, சந்தேகம் வந்தா உங்களைக் கேக்கலாம்னு பத்திரத்துல ஒரு வரி உண்டு. எப்படிக் கேட்டா நீங்க நல்ல பதில் சொல்லுவீங்களோ, அப்படிக் கேக்கும்." அவன் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "தொந்தரவா இருக்கா மேடம்? ஒருதரம்தானே கேட்டுச்சு?"

அன்று மதியம் மீண்டும் போன் அடித்தது. இம்முறை ஓய்வுபெறும் வயதுள்ள ஓர் ஆண். அழவில்லை, கண்டிப்பாகப் பேசினார். உவர்த்துறைதான், சகாய ரெஜினாதான். "பொய் சொல்றது சரியா டீச்சர்?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் வைத்தாள். மறுநாள் காலை ஓர் இளம் பெண் பேசினாள். முதல் வேலையாம், மூச்சு வாங்கியது. சாயங்காலம் பாதிரியார் ஒருவர். எடுக்காமல் விட்டாள். வாசலில் தபால் வந்தது. அண்ணாச்சியின் போனில் வந்தது. "யாரோ உன்னையக் கேக்காங்க தாயி, பாவம், ரொம்பப் பதறுதாங்க," என்று அவரே நீட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமையும் முடிந்தது, ரெஜினா மறந்தாள். திங்கட்கிழமை புது ரெஜினாவோடு கேள்வியும் புதிதாக வந்தது. மறக்காமல் இருந்தது ஒருத்திதான்.

அடுத்த புதன்கிழமை மதியம், காலி வகுப்பறையில், கனகமணி போனை எடுத்து எதிர்முனை வாய் திறக்குமுன் பேசினாள். "இது பத்தொன்பதாவது தடவை. நீ யாருன்னு எனக்குத் தெரியும். எத்தனை விதமாக் கேப்ப? நானூறா?"

எதிர்முனை நான்கு நொடி அமைதியாக இருந்தது. சரியாக நான்கு நொடி. பிறகு வந்த குரல் அழவில்லை, மிரட்டவில்லை. அது அவளுடைய சொந்தக் குரலாகவே இருந்தது; ஒரு வெள்ளிக்கிழமை மதியம், நேரடிப் பேச்சுப் பொத்தானை அழுத்திக்கொண்டு அவள் பேசியபோது இருந்த குரல்.

"எண்ண வேண்டாம் டீச்சர்," என்றது. "உங்க அப்பா சொல்லச் சொன்னாரு."

அவளுடைய அப்பா, பருப்பு மண்டி வேலாயுதம், இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அது அவளுக்குத் தெரியும். பேசுவது எது என்பதும், எதற்காக அப்படிப் பேசுகிறது என்பதும் தெரியும். போனைக் கீழே வைக்கத்தான் கை போனது.

"எங்க பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டாள்.